ரிப்போர்ட்டில் ஏறிய எண்: குடல் அழற்சி உள்ள குழந்தைகளும் வைட்டமின் டி சோதனைகளும்

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ‘25 ஹைட்ராக்சி வைட்டமின் டி’ என்ற வரிக்கு எதிரே 14 என்று அச்சாகியிருக்கிறது. ரத்தத்தில் வைட்டமின் டி எவ்வளவு என்று, ஒரு மில்லிலிட்டருக்கு நானோகிராம் கணக்கில், காட்டும் எண் அது. பக்கத்திலேயே தடித்த எழுத்தில் ‘குறைவு’. அதற்கு மேலுள்ள வரிகளில் ஹீமோகுளோபின் குறைவு, ரத்தப் புரதமான அல்புமின் குறைவு, அழற்சியைக் காட்டும் சிஆர்பி மட்டும் கூடுதல். குடலைப் புண்ணாக்கும் கிரோன்ஸ் நோய் தீவிரமாக இருக்கும் நேரத்தில் ஒரு பத்து வயதுப் பிள்ளையின் ரிப்போர்ட் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு பெற்றவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: “இதுக்கு மாத்திரை குடுத்தா சரியாயிடுமா டாக்டர்?”

எது சரியாக வேண்டும் என்பதில்தான் சிக்கல். 14 என்ற எண் 30 ஆக வேண்டுமா? பிள்ளையின் எலும்பு உறுதிப்பட வேண்டுமா? குடலின் புண் ஆற வேண்டுமா? கேட்கிறவர்கள் மனதில் மூன்றும் சேர்ந்தே இருக்கின்றன. மருத்துவ ஆய்வுகள் அப்படிச் சேர்த்துப் பதில் சொல்வதில்லை. குழந்தைகளிடம் இதுவரை நடந்த முக்கியமான சோதனைகள் முதல் கேள்விக்கு நன்றாகவே விடை தந்திருக்கின்றன. மற்ற இரண்டுக்கும் இன்னும் உறுதியான விடை இல்லை. இந்த வேறுபாடு தெரியாததால்தான் ஒரு பக்கம் ‘வைட்டமின் டி குடலைக் குணப்படுத்தும்’ என்ற நம்பிக்கையும், மறு பக்கம் ‘அதெல்லாம் சும்மா’ என்ற அலட்சியமும் நிலவுகின்றன. இரண்டாலும் பாதிக்கப்படுவது குழந்தைதான்.

குடல் அழற்சி நோய் என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு பெரிய வகைகள் உண்டு. கிரோன்ஸ் நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எந்த இடத்தையும் தாக்கும். சிறுகுடலின் கடைப்பகுதிதான் அதற்குப் பிடித்த இடம். 1932இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பரில் கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் இதை விவரித்து எழுதினார்கள். மற்றொன்று அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், பெருங்குடலின் உட்சுவரைப் புண்ணாக்குவது. இந்த நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு 20 வயதுக்குள்ளேயே நோய் வெளிப்பட்டுவிடுகிறது. உயரம் கூட வேண்டிய, எலும்பு கெட்டிப்பட வேண்டிய வயதில் வயிற்றுவலியும் ரத்தபேதியும் வந்து சேர்கின்றன.

இந்தப் பிள்ளைகளுக்கு வைட்டமின் டி குறையக் காரணங்கள் பல. அது கொழுப்பில் கரையும் வைட்டமின். கொழுப்பு செரிக்கப் பித்த உப்புகள் வேண்டும். அந்த உப்புகளை உடல் மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும் இடம் சிறுகுடலின் கடைப்பகுதி. அங்கேயே புண் என்றால் பித்த உப்பு வீணாகிறது, கொழுப்பு வெளியேறுகிறது, வைட்டமினும் கூடவே போகிறது. அமெரிக்காவில் கடையில் விற்கும் பாலில் வைட்டமின் டி சேர்த்தே விற்கிறார்கள். வயிறு கெட்ட பிள்ளைக்கு வீட்டில் முதலில் நிறுத்துவது அந்தப் பாலைத்தான். வலியோடு இருக்கும் பிள்ளை வெளியே விளையாடப் போவதும் குறைவு. நோய் எதிர்ப்பாற்றலை மட்டுப்படுத்தும் அசாதயோபிரின் போன்ற மருந்து எடுப்பவர்களைத் தோல் புற்றுநோய் அபாயம் கருதி வெயிலில் அதிகம் நிற்க வேண்டாம் என்று மருத்துவர்களே சொல்கிறார்கள்.

அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள பாஸ்டன் போன்ற ஊரில் வெயிலுக்கே பஞ்சம். நம் தோலில் இருக்கும் ஒரு கொழுப்புப் பொருள், சூரியனின் புற ஊதா பி கதிர் பட்டால்தான் வைட்டமின் டி ஆக மாறத் தொடங்கும். 1988இல் ஆன் வெப், மைக்கேல் ஹோலிக் முதலானோர் வெளியிட்ட ஆய்வு, பாஸ்டனில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயிலில் நின்றாலும் தோல் வைட்டமின் டி தயாரிக்காது என்று காட்டியது. சூரியன் அவ்வளவு சரிவாக நிற்பதால் தேவையான கதிர் வளிமண்டலத்திலேயே தங்கிவிடுகிறது. குழந்தைகளிடம் நடந்த முக்கியமான சோதனைகள் அந்த ஊரில் நடந்தவை என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி வருவதுதான் பலர் கவனிக்காமல் விடும் இடம். ரத்தத்தில் உள்ள வைட்டமின் டி அளவை அழற்சியே குறைத்துவிடும். ஸ்காட்லாந்தில், முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் ரத்தத்தை முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்தார்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வின்படி, அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஓரிரு நாளிலேயே அளவு சுமார் 40 விழுக்காடு சரிந்தது. இரண்டு நாளில் யாருடைய உணவிலும் வெயிலிலும் அவ்வளவு மாற்றம் வந்துவிடாது. உடலில் அழற்சி எழுந்ததும் வைட்டமினைச் சுமக்கும் புரதங்கள் குறைகின்றன, எண்ணும் கூடவே விழுகிறது. அப்படியானால் கிரோன்ஸ் தீவிரமாக இருக்கும் பிள்ளையின் ரிப்போர்ட்டில் உள்ள 14, வைட்டமின் போதாததால் வந்ததா, நோய் பொங்கியதால் வந்ததா? பெரும்பாலும் இரண்டும் கலந்திருக்கும். எது எவ்வளவு என்று அந்த ஒரு தாளைப் பார்த்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

‘வைட்டமின் டி குறைவாக இருப்பவர்களுக்கு நோய் அதிகம்’ என்று காட்டும் ஆய்வுகள் நிறைய. அவற்றை வைத்து மட்டும் மாத்திரை கொடுத்தால் நோய் குறையும் என்று முடிவு கட்ட முடியாததற்குக் காரணம் இதுதான். புண்ணிருக்கும் இடத்தில் ஈ மொய்க்கிறது. ஈயை விரட்டுவதால் மட்டும் புண் ஆறிவிடாது.

நம்பிக்கை வெறுங்கையோடு வந்ததும் இல்லை. 2000ஆம் ஆண்டில் மார்கரீட்டா கன்டோர்னா குழுவினர் எலிகளில் ஒரு சோதனை வெளியிட்டார்கள். இன்டர்லூக்கின் 10 என்ற அழற்சி தணிக்கும் பொருளை உண்டாக்க முடியாத எலிகளுக்குப் பெருங்குடல் அழற்சி தானாகவே வரும். வைட்டமின் டி இல்லாத உணவில் வளர்ந்தபோது அந்த எலிகள் வேகமாகப் பேதி கண்டு மெலிந்தன. போதிய அளவு கிடைத்தவை அப்படி ஆகவில்லை. நம் வெள்ளையணுக்களிலும் குடல் சுவர் செல்களிலும் வைட்டமின் டியைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. ஆக, காரணம் இருக்கிறது, விலங்குச் சான்று இருக்கிறது. மிச்சம் இருந்தது மனிதர்களிடம் கொடுத்துப் பார்ப்பது.

குழந்தைகளிடம் கொடுத்துப் பார்ப்பது எளிதல்ல. வழக்கமாக ஒரு மருந்தைச் சோதிக்க, பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுப்பார்கள். வைட்டமின் டி குறைவு என்று ரத்தத்தில் கண்டறிந்த ஒரு வளரும் பிள்ளைக்கு, தெரிந்தே வெற்று மாத்திரை கொடுக்க எந்த நெறிமுறைக் குழுவும் லேசில் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. அதனால் இந்தச் சோதனைகள் ‘வைட்டமினா வெறுமையா’ என்று கேட்கவில்லை. ‘இந்த அளவா அந்த அளவா’ என்றே கேட்டன. இது சரியான முடிவுதான். ஆனால் அதற்கொரு விலை உண்டு. எல்லாருக்கும் வைட்டமின் கிடைத்துவிட்டதால், வைட்டமினே கிடைக்காதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற ஒப்பீடு கையைவிட்டுப் போகிறது. பெற்றோரின் எழுத்துமூல அனுமதியோடு, விவரம் புரியும் வயதுப் பிள்ளையிடம் தனியாகச் சம்மதம் கேட்பதும் அமெரிக்க விதிகளில் உண்டு. பிள்ளை வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

முதல் சோதனையை நிதானமாகப் பார்ப்போம். ஹெலன் பாப்பா தலைமையில் பாஸ்டன் சில்ட்ரன்ஸ் மருத்துவமனையில் நடந்தது, 2012இல் வெளியானது. குடல் அழற்சி நோய் உள்ள, 5 முதல் 21 வயதுக்குட்பட்ட, வைட்டமின் டி அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் அல்லது அதற்கும் குறைவாக இருந்த 71 பேர் சேர்ந்தார்கள். குலுக்கல் முறையில் மூன்று பிரிவுகள். முதல் பிரிவுக்குத் தினமும் 2,000 யூனிட் டி2. இரண்டாம் பிரிவுக்குத் தினமும் 2,000 யூனிட் டி3. மூன்றாம் பிரிவுக்கு வாரம் ஒருமுறை 50,000 யூனிட் டி2. காலம் 6 வாரம். டி2 என்பது பூஞ்சை, ஈஸ்ட் வகைகளிலிருந்து வருவது. டி3 நம் தோலில் உண்டாகும் வகை, தொழிற்சாலையில் பெரும்பாலும் ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து எடுக்கிறார்கள். 61 பேர் முடிவுவரை இருந்தார்கள்.

சராசரியாக முதல் பிரிவில் அளவு 9.3 நானோகிராம் ஏறியது. இரண்டாம் பிரிவில் 16.4. மூன்றாம் பிரிவில் 25.4. இதைப் படித்ததும் ‘வாரம் ஒருமுறை கொடுப்பதே சிறந்தது’ என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம், ஒரு கணக்குப் போடலாம். தினம் 2,000 என்றால் 42 நாளில் மொத்தம் 84,000 யூனிட். வாரம் 50,000 என்றால் 6 வாரத்தில் 3,00,000 யூனிட். மூன்றாம் பிரிவுப் பிள்ளைகள் மூன்றரை மடங்கு வைட்டமின் சாப்பிட்டிருக்கிறார்கள்! ஒரு லட்சம் யூனிட்டுக்கு எவ்வளவு ஏறியது என்று வகுத்தால் முதல் பிரிவில் சுமார் 11, இரண்டாம் பிரிவில் சுமார் 19.5, மூன்றாம் பிரிவில் சுமார் 8.5 வருகிறது. அளவு கூடக் கூட ஏற்றம் மட்டுப்படும் என்பதால் இந்த வகுத்தலை முழுக்க நம்பிவிடவும் கூடாது. என்றாலும் முதல் இரண்டு பிரிவுகளை நேருக்கு நேர் வைக்கலாம்: அதே அளவு, அதே நாட்கள், வகை மட்டும் வேறு. அங்கே டி3 தெளிவாக முந்துகிறது. எனக்கு இந்தச் சோதனையின் மிகப் பயனுள்ள செய்தியாகப் படுவது இதுதான். தலைப்பில் நிற்பதோ மூன்றாம் பிரிவின் பெரிய எண்.

இன்னொன்றும் அந்த ஆய்வு நமக்குச் சொல்கிறது. புண்பட்ட குடல் வழியாகவும் வைட்டமின் டி உள்ளே போகிறது. ‘எதைக் கொடுத்தாலும் ஒட்டாது’ என்று மனம் உடைந்திருக்கும் பெற்றோருக்கு இது சிறிய செய்தி அல்ல.

ஏறிய எண் நின்றதா? அதே குழு 2014இல் அடுத்த ஆய்வை வெளியிட்டது. இப்போது அளவு 20க்கு மேல் இருந்த, 8 முதல் 18 வயதுக்குட்பட்ட 63 பிள்ளைகள். ஒரு பிரிவுக்கு ஆண்டு முழுக்கத் தினம் 400 யூனிட் டி2. மற்றப் பிரிவுக்குக் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் தினம் 1,000, குளிரிலும் வசந்தத்திலும் தினம் 2,000. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து, ஒவ்வொரு முறையும் 32 நானோகிராமுக்குக் குறையாமல் இருந்தால்தான் வெற்றி என்று வைத்துக்கொண்டார்கள். 12 மாத முடிவில் குறைந்த அளவு எடுத்த 32 பேரில் 3 பேர் தேறினார்கள். கூடிய அளவு எடுத்த 31 பேரிலும் 3 பேர்தான்.

இந்த முடிவை ‘வைட்டமின் வேலை செய்யவில்லை’ என்று படிப்பது தவறு. தேர்வு கடினமாக இருந்தது. ஒரு பருவத்தில் 31க்கு இறங்கினாலும் அந்தப் பிள்ளை தோல்விப் பட்டியலில் சேரும். மேலும் 32 என்ற எல்லையே விவாதத்துக்குரியது. 2010 நவம்பரில் அமெரிக்காவின் ‘இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்’ அமைப்பின் நிபுணர் குழு, ஆரோக்கியமானவர்களில் பெரும்பாலோருக்கு எலும்புக்கு 20 நானோகிராம் போதும் என்றது. நீண்டகால நோய் உள்ள பிள்ளைக்கும் அதுவே போதுமா என்பதில் மருத்துவர்கள் இன்றும் ஒருமித்த கருத்தில் இல்லை. கோட்டை எங்கே கிழிக்கிறோம் என்பதைப் பொறுத்து அதே பிள்ளை தேறியதாகவும் தோற்றதாகவும் ஆகிவிடுகிறது. உங்கள் வீட்டு ரிப்போர்ட்டில் ‘குறைவு’ என்று தடித்த எழுத்தில் இருப்பதும் லேப் கிழித்த ஒரு கோட்டை வைத்துத்தான்.

அந்த ஆய்வில் அடங்கிய குரலில் இன்னொரு தகவல் இருந்தது. கூடிய அளவு எடுத்த பிள்ளைகளிடம் சிஆர்பி உயர்ந்து காணப்பட்டது குறைவு. குடல் அழற்சியைத் தொடும் குறிப்பு இது என்பதால் பலர் இதையே பெரிதாகப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் ஆய்வு அதைக் கண்டறியத் திட்டமிட்டதல்ல. பல அளவீடுகளை எடுத்து வைத்திருக்கும்போது ஏதாவது ஒன்றில் தற்செயலாக வேறுபாடு தென்படும். 63 பேரை வைத்து இதை முடிவாகச் சொல்ல முடியாது; அடுத்த ஆய்வுக்கான கேள்வியாக எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவே.

அந்தக் கேள்வியை நேரடியாகக் கேட்ட சோதனை ஒன்று பெரியவர்களிடம் நடந்திருக்கிறது. டென்மார்க்கில், நோய் அடங்கிய நிலையில் இருந்த 94 கிரோன்ஸ் நோயாளிகள். ஒரு பிரிவுக்குத் தினம் 1,200 யூனிட் டி3, மற்றப் பிரிவுக்கு வெற்று மாத்திரை, ஓராண்டு. 2010இல் முடிவு வந்தது. வைட்டமின் எடுத்த 46 பேரில் 6 பேருக்கு நோய் திரும்பியது, 13 விழுக்காடு. வெற்று மாத்திரை எடுத்த 48 பேரில் 14 பேருக்கு, 29 விழுக்காடு. பார்க்கப் பாதிக்கும் மேல் குறைந்ததுபோல இருக்கிறது. ஆனால் பி மதிப்பு 0.06. வைட்டமினுக்கு எந்தப் பலனும் இல்லாவிட்டாலும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாக வர 100இல் 6 வாய்ப்பு உண்டு என்பது இதன் பொருள். வழக்கமான வரம்பு 5. ஒரு விழுக்காட்டில் தவறிய இந்த எண்ணை வைத்து ‘நிரூபணம்’ என்பவர்களும் ‘பொய்’ என்பவர்களும் ஒருசேரத் தவறுகிறார்கள். அந்தப் பக்கம் நாலு பேர் இந்தப் பக்கம் வந்திருந்தால் படமே மாறியிருக்கும். பல நூறு பிள்ளைகளை இரண்டு மூன்று ஆண்டு தொடர்ந்து பார்த்தால்தான் இது தீரும். காப்புரிமை இல்லாத, சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு வைட்டமினுக்கு அவ்வளவு பணம் போட எந்த மருந்து நிறுவனம் முன்வரும்? அரசுப் பணமும் அறக்கட்டளைப் பணமும்தான் வர வேண்டும். இது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

எலும்பு விஷயம் இன்னும் பொறுமை கேட்பது. உடலின் உச்ச எலும்புத் திணிவில் ஏறக்குறைய 90 விழுக்காடு 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. 6 வார ஆய்வோ ஓராண்டு ஆய்வோ எலும்பு முறிவு குறைந்ததா என்று காட்டாது. மேலும் இந்தப் பிள்ளைகளின் எலும்பைக் கெடுப்பது வைட்டமின் குறைவு மட்டுமல்ல. அழற்சியின்போது சுரக்கும் டிஎன்எஃப் போன்ற பொருட்கள் எலும்பு கட்டும் செல்களை முடக்குகின்றன, நீண்டநாள் எடுக்கும் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து அதன் பங்குக்குத் தின்கிறது. நோயை அடக்கும் சிகிச்சை சரியாக நடக்காமல் வைட்டமினை மட்டும் ஊற்றிக்கொண்டிருப்பது, அடியில் ஓட்டையுள்ள குடத்துக்குத் தண்ணீர் இறைப்பது போலத்தான்.

மற்ற வைட்டமின்களில் இவ்வளவு குழப்பம் இல்லை. சிறுகுடலின் கடைப்பகுதியை வெட்டி எடுத்த பிள்ளைக்கு பி12 உறிஞ்சும் இடமே போய்விட்டது, ஊசியாகவோ வேறு வழியிலோ கொடுத்தே ஆக வேண்டும். அழற்சியை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்து எடுப்பவருக்கு ஃபோலிக் அமிலம் கூடவே எழுதுவார்கள்.

சோதிக்க வேண்டியது பிள்ளையை மட்டுமல்ல, பாட்டிலையும்தான். அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊட்டச்சத்து மாத்திரைகள் விற்பனைக்கு வருமுன் மருந்துகளைப் போல அனுமதி பெறத் தேவையில்லை. 2013இல் வெளியான ஒரு பரிசோதனையில், கடையில் வாங்கிய வைட்டமின் டி மாத்திரைகளை ஆய்வகத்தில் அளந்தார்கள். லேபிளில் எழுதியதில் 9 விழுக்காடு மட்டுமே இருந்த மாத்திரையும் இருந்தது, 146 விழுக்காடு இருந்த மாத்திரையும் இருந்தது. ஒரே பாட்டிலுக்குள்ளேயே மாத்திரைக்கு மாத்திரை வேறுபட்டது. சீரான ஆய்வுகளில் மாத்திரையின் உண்மையான அளவைச் சரிபார்த்துத்தான் கொடுப்பார்கள். வீட்டில் அந்த வசதி கிடையாது. மருத்துவர் 2,000 யூனிட் எழுதுகிறார், பிள்ளையின் வயிற்றுக்குள் எவ்வளவு போனதென்று யாருக்குத் தெரியும்? மூன்று மாதம் ஒழுங்காகக் கொடுத்தும் எண் ஏறவில்லை என்றால் குடலைச் சந்தேகிக்கும் முன் பாட்டிலையும் ஒருமுறை சந்தேகிக்கலாம். ரத்தத்தை அளக்கும் முறையிலும் ஒரு நுணுக்கம்: சில லேப் முறைகள் டி2வை முழுமையாகப் பிடிப்பதில்லை. டி2 எடுத்த பிள்ளைக்கு எண் உண்மையைவிடக் குறைவாகக் காட்டக்கூடும்.

நம் ஊரில் படிப்பவர்கள் பாஸ்டன் கணக்கை அப்படியே இறக்கிக்கொள்ளக் கூடாது. அங்கே வாரம் 50,000 என்பது டி2. இங்கே மருந்துக்கடையில் கிடைப்பது 60,000 யூனிட் டி3, சின்னப் பொட்டலத்தில் குருணையாக அல்லது மெத்தென்ற கேப்சூலாக. குருணையைப் பாலில் கலக்கி வாரம் ஒருநாள் குடிக்கச் சொல்வார்கள். பொட்டலம் கையளவுகூட இல்லை, சர்க்கரை போலத்தான் இருக்கிறது. அதனாலேயே ஆபத்து புரிவதில்லை. வாரம் ஒன்று என்று எழுதியதைத் தினம் ஒன்று என்று புரிந்துகொண்டு கொடுத்து, கால்சியம் ஏறி, வாந்தி, தீராத தாகம், சிறுநீரகப் பாதிப்பு என்று மருத்துவமனையில் சேர்ந்தவர்களைப் பற்றி இந்திய மருத்துவ இதழ்களில் பல குறிப்புகள் வந்திருக்கின்றன. வாந்தியும் சோர்வும் குடல் அழற்சியிலும் வரும் என்பதால், இந்தப் பிள்ளைகளிடம் அது நோய் திரும்பியது போலவே தோன்றும். சீட்டில் ‘வாரம் ஒருமுறை’ என்று எழுதியிருந்தால் எந்தக் கிழமை என்றும் கேட்டு, தாளிலேயே எழுதி வாங்குங்கள். நிறுத்த வேண்டிய தேதியையும் கேளுங்கள். நாடெங்கும் வெயில் கொளுத்தினாலும் குறைபாடு இங்கே பரவலாக இருப்பது உண்மைதான், அதற்காக அளவு தெரியாமல் கொடுத்துவிட முடியாது.

மறுபரிசோதனைக்கும் ஒரு காலம் உண்டு. ரத்தத்தில் இந்த வைட்டமின் பாதியாகக் குறைய இரண்டு மூன்று வாரம் ஆகும். கொடுக்க ஆரம்பித்த பத்தாம் நாளே ரத்தம் எடுத்தால் எண் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். இரண்டு மூன்று மாதம் கழித்து எடுப்பது பொருள் உள்ளது. அன்றைக்கே சிஆர்பியும் மலத்தில், குடல் அழற்சியைக் காட்டும் கால்புரொடெக்டினும் சேர்த்துப் பார்க்கச் சொல்லலாம். 14 இப்போது 31 ஆகியிருக்கலாம். அதே மூன்று மாதத்தில் பிள்ளைக்கு அழற்சியை அடக்கும் இன்ஃப்ளிக்சிமாப் ஊசி தொடங்கியிருந்தால், பேதி நின்றிருந்தால், பால் மறுபடி குடிக்கத் தொடங்கியிருந்தால், அந்த 17இல் பொட்டலத்தின் பங்கு எவ்வளவு, அழற்சி தணிந்ததன் பங்கு எவ்வளவு என்று மருத்துவரிடம் கேளுங்கள். அடுத்த மூன்று மாதத்துக்கு அளவைக் கூட்டுவதா, குறைப்பதா, நிறுத்துவதா என்பது அந்தப் பதிலில் இருக்கிறது.